மூன்று வயதுப் பிள்ளையும் அமெரிக்கப் பிரீஸ்கூலும்: புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

வந்த புதிதில் வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, நடை தடுமாறுகிறது என்று மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தால் பிள்ளைக்குப் பரிசோதனை கேட்கும் வேலையையும் முதல் வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் போனில், “அவன் அப்பாகூட நான்கு வயதில்தான் பேசினான், தானாக வந்துவிடும்” என்பார்கள். அன்பில் சொல்வதுதான். நாங்களும் அதை நம்பி எட்டு மாதத்தைப் போக்கிவிட்டோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இந்த நாட்டில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கு 1975 முதல் கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. இன்று அதை ‘ஐடியா’ என்று அழைக்கிறார்கள். 1986இல் வந்த திருத்தம் மூன்று வயதுப் பிள்ளைகளையும் கைக்குழந்தைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. மூன்று வயது நிறையும்வரை ‘எர்லி இன்டர்வென்ஷன்’ என்ற மாநிலத் திட்டம் பொறுப்பு. பரிசோதனை இலவசம், சிகிச்சைக்குச் சில மாநிலங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. மூன்றாவது பிறந்தநாளிலிருந்து பொறுப்பு உங்கள் ஊரின் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்குப் போய்விடும். அப்போது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, வகுப்பு எல்லாமே இலவசம். எச்-1பி, எச்-4 என்று எந்த விசாவில் வந்திருந்தாலும் இந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும். மருத்துவரின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையை மதிப்பிடுங்கள் என்று பெற்றோர் கேட்டாலே போதும்.

ஆனால் எழுத்தில் கேளுங்கள். நான் இதை நேரில் போய் வாயால் சொன்னேன். அலுவலகத்தில் இருந்தவர் கனிவாகத் தலையாட்டினார். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் எங்கும் எதுவும் பதிவாகவில்லை. பிறகு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எங்கள் கவலை என்ன, சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு கோருகிறோம் என்பது. அவ்வளவுதான். கடிகாரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கியது. நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியில், எழுத்தில் கேட்ட 20 நாட்களுக்குள் பள்ளியின் ‘சைல்டு ஸ்டடி டீம்’ என்ற மதிப்பீட்டு வல்லுநர் குழு உங்களை அழைத்துப் பேச வேண்டும். மதிப்பீட்டுக்கு நீங்கள் சம்மதம் தந்தால், தகுதி பெறும் பிள்ளைக்கு 90 நாட்களுக்குள் தனிக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். மற்ற மாநிலங்களில் கெடு மாறும். எழுத்தில் கேட்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

மதிப்பீடு பிள்ளையின் வீட்டு மொழியில் நடக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. நடைமுறையில் வழியே இல்லாத இடத்தில் மட்டும்தான் விலக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் மகனுக்கு அன்று மொத்தம் பதினைந்து சொற்கள்கூட இல்லை. பரிசோதித்தவர் ஒரு படத்தைக் காட்டியதும் அவன் விரலை வைத்து “நிலா” என்றான். அவர் விடை இல்லை என்று குறிக்கப் போனார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட்டு, அது சரியான சொல் என்றார். பேனா நின்றது, குறிப்பு மாறியது.

தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. பாட்டியோடு பேச அவனுக்கு இருக்கும் ஒரே பாலத்தை நாமே உடைக்க வேண்டாம்.

அடுத்தது ‘ஐ.இ.பி.’ எனப்படும் அந்தத் தனிக் கல்வித் திட்டத்தை எழுதும் கூட்டம். பிள்ளைக்கான ஆண்டு இலக்குகள், வாரம் எத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, எந்த வகுப்பு எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நெறி. எனவே தனி வகுப்பு என்று அவர்கள் தொடங்கினால், “உள்ளடக்கிய வகுப்பில் என்னென்ன உதவி கொடுத்தால் இவனால் இருக்க முடியும்?” என்று கேளுங்கள். சில பிள்ளைகளுக்குத் தனி வகுப்பே நல்லதாக இருக்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உதவி என்றால் பெரிய கருவிகளை நினைக்க வேண்டாம். மகனின் வகுப்பில் அன்றைய வேலைகள் சுவரில் படங்களாக வரிசையாக ஒட்டியிருக்கும்: பை மாட்டுதல், வட்டமாக உட்காருதல், பிஸ்கட், விளையாட்டுத் திடல். ஒவ்வொன்றும் முடிந்ததும் படத்தைப் பிய்த்துப் பெட்டியில் போடுவான். அடுத்து என்ன என்று கண்ணால் பார்க்க முடிந்ததும் அழுகை பாதியாகக் குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்ப் படத்தை எடுத்துப் பக்கத்துச் சிறுமியிடம் நீட்டுவான். அவள் யாரும் சொல்லாமலே தம்ளரை நகர்த்திக் கொடுப்பாள். தனி வகுப்பில் இருந்திருந்தால் அந்தச் சிறுமி அவனுக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

கூட்டத்திலேயே சம்மதக் கையெழுத்து போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பாருங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் முதல்முறை சேவைகளைத் தொடங்க முடியாது. நிமிடக் கணக்கு எழுத்தில் இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்; “தேவைப்படும்போது” என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

தனியார் பகல்நேரக் காப்பகத்தில் விடுகிறீர்கள் என்றால், மாற்றுத்திறன் என்ற ஒரே காரணத்தால் பிள்ளையை மறுக்க ‘ஏடிஏ’ என்ற 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இடம் தருவதில்லை. சமய அமைப்புகள் நடத்தும் காப்பகங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஊரில் எடுத்த செவித்திறன் பரிசோதனை, மருத்துவ அறிக்கைகளை ஒரே கோப்பில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கு இலவசமாக வழிகாட்டும் மையம் ஒன்றாவது கூட்டரசு நிதியில் இயங்குகிறது. நியூ ஜெர்சியில் அதன் பெயர் ‘ஸ்பேன்’. முதல் மின்னஞ்சல் அனுப்பும் முன்பே அவர்களிடம் பேசலாம்.