வள்ளம் ஏற்றும் ட்ரெய்லரின் ஹப்பும் பேரிங்கும்: நாமே கழற்றி மாட்டலாம்

போன ஆடியில் ஒரு ராத்திரி, களியக்காவிளை தாண்டி பாறசாலை போகிற வழியில் ட்ரெய்லரின் இடது சக்கரம் ஆட ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தால் ஹப்பில், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கிற சக்கரத்தின் நடுக் குடத்தில், கை வைக்க முடியவில்லை, உருகிய கிரீஸ் ரிம் முழுக்க வழிந்திருக்கிறது, மேலே விழிஞ்ஞத்துக்குப் போக வேண்டிய ஃபைபர் வள்ளம். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு பட்டறையில் கொடுத்து கிரீஸ் அடித்து வாங்கியிருந்தேன். பிரித்தபோது தெரிந்தது, பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பியிருக்கிறார்கள், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கிற பின்பக்க ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்தபடியே இருக்கிறது. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். அரை நாள் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடேறி விரிந்திருக்கும். வந்த வேகத்தில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி தேங்காப்பட்டணம் பொழியிலோ (ஆறு கடலில் சேரும் இடம்) பூவாறிலோ சக்கரம் முங்க இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, சீலின் உதடு வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் வெளியே வராது. நாலைந்து வாரம் வண்டி சும்மா நின்றால் பேரிங்கின் உருளைகள் நின்ற இடத்திலேயே துரு கோடு விழும், அடுத்த ஓட்டத்தில் அந்தக் கோடுதான் பள்ளமாகப் பெயரும். அதனால் வள்ளம் இறக்கும் கடவுக்கு வந்ததும் ஒரு சாயா குடியுங்கள், ஹப்பில் கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும், அப்புறம் இறக்குங்கள். ஏற்றி வந்த பிறகு நல்ல தண்ணீரில் சக்கரத்தையும் ஆக்சிலையும் கழுவுங்கள். பிரஷர் பம்பை மட்டும் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒரு தடவையாவது முழுக்கப் பிரித்துவிட வேண்டும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். வள்ளத்துக்கு அது இல்லையென்றாலும் அந்த மழையிலும் கொந்தளிப்பிலும் பல நாள் கரையில்தான் கிடக்கும், இந்த வேலைக்கு அதுவே தோதான நேரம்.

வள்ளத்தை இறக்கிவிட்டுச் செய்வது நல்லது. மணல் தரையில் ஜாக்கியை நேரடியாக வைக்காதீர்கள், கனமான பலகை போட்டு அதன்மேல் வையுங்கள், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள், தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்ற சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது.

சக்கரத்தை எடுத்த பிறகு ஹப் மூடியைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் கழன்றுவிடும். உள்ளே ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் பிடிக்கிற, முனை மடக்கிய கம்பி), காஸ்டில் நட் (அந்தப் பின் நுழைய வெட்டுகள் உள்ள நட்), வாஷர், சின்ன பேரிங், எல்லாம் வரிசையாக வரும். ஹப்பை இழுத்தால் பெரிய பேரிங்கும் ஆயில் சீலும் அதோடு வரும். சீலை நெம்பி எடுத்துத் தூக்கிப் போடுங்கள், பழையதைத் திரும்பப் போடவே கூடாது. கிரீஸ் பால் கலந்த சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பேரிங்குகளை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, பிரஷால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து உலர விடுங்கள். கம்பிரசர் காற்றை வைத்து பேரிங்கைச் சுழல விடுவது ஆபத்து, உருளை தெறித்து முகத்தில் அடிக்கும். உலர்ந்ததும் வெயிலில் பிடித்து ஒவ்வொரு உருளையாகப் பாருங்கள். சின்னக் குழி, துருக் கோடு, நீலம் பாய்ந்த நிறம், இதில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். மாற்றும்போது உருளைகளோடு இருக்கிற உள் கோனை மட்டும் வாங்காதீர்கள், ஹப்புக்குள் இறுகி உட்கார்ந்திருக்கிற வெளி வளையமும் சேர்ந்துதான் ஜோடி. பேரிங்கின் முகத்தில் எண் பொறித்திருக்கும், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போய் அதே எண்ணைக் கேளுங்கள். 30205 என்றால் உள் துளை 25 மில்லிமீட்டர், 30206 என்றால் 30, ஆக உங்கள் ஆக்சில் முனையை அளந்து பார்த்தும் சரிபார்க்கலாம்.

வெளி வளையத்தை ஹப்பின் மறுபக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி வைத்து, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டி வெளியே எடுங்கள். புதியதை இறக்கும்போது பழைய வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். அடிவரை போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், அதைக் கவனியுங்கள்.

ஆக்சில் முனையில் சீல் உரசும் இடத்தில் துருவோ கீறலோ இருந்தால் மெல்லிய எமரித் தாளால் வழவழப்பாக்குங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போடுங்கள், இல்லையென்றால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து லூஸாக இருந்தால் பட்டறையில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்தி இறுக்கித் தருவார்கள். வேண்டாம், கொஞ்ச நாளில் அந்தப் புள்ளிகள் தேய்ந்து பழையபடி ஆகிவிடும்.

கிரீஸ் விஷயத்தில் தண்ணீரைத் தாங்கும் மரைன் வகையை வாங்குங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏபி3 என்கிற சாதாரண கிரீஸ் ரோட்டு வண்டிக்குச் சரி, உப்புத் தண்ணீரில் முங்குகிற ஹப்புக்கு அது போதாது. இரண்டு வகையைக் கலக்கவும் கூடாது, சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் மறுபக்கம் உருளைகளுக்கு இடையே கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்கும், சுற்றிலும் அப்படி வரும்வரை விடாதீர்கள். வெளியே தடவிவிட்டால் போதாது. சீலை அதன் ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஹப்பின் உள்ளே பார்க்கிற மாதிரி, கோணாமல் தட்டி இறக்குங்கள், உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்து நட், நிறைய பேர் தவறு செய்வது இங்கேதான். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள், பேரிங் உட்காரும். பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம். பின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் அடுத்த வெட்டுக்கு இறுக்காமல் தளர்த்துங்கள். ஹப் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டினால் மிக லேசான ஆட்டம் மட்டும் இருக்கலாம். ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதிது. ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி போட்டிருப்பவர்கள் கிரீஸ் கன்னால் மூடியின் தட்டு லேசாக வெளியே வரும்வரை மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் அடித்தால் பின் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

முடித்ததும் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கையை எடுக்க வைக்கிற சூடு இருந்தால் நட் இறுக்கம், தளர்த்துங்கள். சக்கர நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். என் வண்டியில் இப்போது பேரிங், சீல் எல்லாம் போட்டு கிரீஸ் நிரப்பிய ஒரு முழு ஹப், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நாலு ஸ்ப்ளிட் பின், ஜாக்கி, ஒரு பலகையோடு எப்போதும் இருக்கும்.