ரூலர் வைத்தும் தையல் தள்ளிப் போகிறதா?

குயில்டிங்கில் (நடுவே பஞ்சு வைத்துத் துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதில்) ரூலரின், அதாவது தையலுக்கு வழிகாட்டும் தடித்த அளவுகோலின், விளிம்பிலேயே தையல் விழாது. ரூலர் ஃபுட் (ரூலர் ஒட்டி நகரும் மெஷின் பாதம்) பொதுவாக அரை அங்குல வட்டம், ஊசி இறங்குவது அதன் நடுவில். அதனால் தையல் விளிம்பிலிருந்து கால் அங்குலம் (சுமார் 6 மி.மீ.) தள்ளித்தான் விழும். துணியில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தால் ரூலரை அதிலிருந்து கால் அங்குலம் விலக்கி வையுங்கள்.

அந்தக் கால் அங்குலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பஞ்சு வைத்த துண்டுத் துணியில் ரூலரை ஃபுட்டின் இடப்பக்கம் வைத்து ஒரு வரி, வலப்பக்கம் வைத்து ஒரு வரி தைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். என் மெஷினில் வலப்பக்கம் ஒரு நூலிழை கூடுதல். அதனால் இணைகோடுகள் முழுவதற்கும் ரூலரை ஒரே பக்கம்தான் வைப்பேன்.

அரை அங்குல இடைவெளி வேண்டுமா? முந்தைய தையலுக்கும் ஃபுட்டுக்கும் நடுவே ரூலரை வைத்து, அதில் பொறித்த கால் அங்குலக் கோட்டை அந்தத் தையல் மேல் பொருத்துங்கள். மீதிக் கால் அங்குலத்தை ஃபுட் பார்த்துக்கொள்ளும். ஒரு அங்குலத்துக்கு முக்கால் கோடு.

வரிக்கு அரை மி.மீ. பிசகினால் 20 வரியில் 1 செ.மீ. ஆகிவிடும், பிரிப்பது பெரும்பாடு. ஐந்து வரிக்கு ஒருமுறை முதல் வரியிலிருந்தே அளந்துவிடுங்கள்.

ரூலரை நகர்த்தும்போது ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும். அழுத்தும் விரல்கள் ஃபுட்டுக்கு நேராக வரட்டும், ஆனால் விளிம்பைத் தாண்டக் கூடாது. ரூலரின் வால் பக்கம் அழுத்தினால் முனை மெல்ல விலகும்.