டெலிகன்வர்ட்டர் பொருத்துமுன்: காட்டுயிர்ப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுயிர்ப் படமெடுப்பவர்கள் டெலிகன்வர்ட்டர் வாங்குவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையிலிருக்கும் லென்ஸ் எட்டவில்லை, அடுத்த பெரிய லென்ஸுக்குப் பணமில்லை. காரணம் நியாயமானதே. ஆனால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் பொருத்தப்படும் அந்தச் சிறு குழல் விலங்கை அருகே கொண்டுவருவதில்லை. லென்ஸ் ஏற்கெனவே உருவாக்கிய பிம்பத்தின் நடுப்பகுதியை விரித்துத் தருகிறது, அவ்வளவே. அதே கரண்டி மாவை அகலமாக இழுக்க இழுக்கத் தோசை மெலிவதைப்போல, விரிந்த பிம்பத்தில் ஒளி மெலிகிறது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும், 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப் ஒளியையும் எடுத்துக்கொள்கின்றன. அதாவது சென்சாரை வந்தடைவது முறையே பாதியும் காலும்தான். லென்ஸின் கூர்மைக் குறையும், விளிம்புகளில் தெரியும் நிறப் பிசிறும், கையின் நடுக்கமும்கூட அதே அளவுக்கு விரிகின்றன.

ஆகவே எந்த லென்ஸில் பொருத்துகிறோம் என்பதிலேயே முதல் தவறு நிகழ்ந்துவிடுகிறது. (எஃப் எண் லென்ஸில் ஒளி நுழையும் துளையைக் குறிக்கிறது; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், ஒளி குறையும்.) 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸுடன் 1.4 மடங்கு சேர்ந்தால் 420 மி.மீ. எஃப்/4, 2 மடங்கு சேர்ந்தால் 600 மி.மீ. எஃப்/5.6 கிடைக்கும், இரண்டுமே காட்டில் பயன்படக்கூடியவை. அதே 2 மடங்கு கன்வர்ட்டரை 100–400 மி.மீ. எஃப்/4.5–5.6 ஜூமில் மாட்டினால், நீள முனையில் 800 மி.மீ. கிடைப்பது உண்மைதான், ஆனால் அதன் துளை எஃப்/11. விலங்குகள் நடமாடும் விடியலிலும் அந்தியிலும், முதுமலை போன்ற காட்டின் மூங்கில் நிழலில், எஃப்/11 என்பது ஏறக்குறைய இருட்டுக்குச் சமம்.

ஒளியிழப்பைக் கணக்கிடுபவர்களும் ஷட்டர் வேகத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். 400 மி.மீ., எஃப்/5.6, 1/400 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 1600 என்ற அளவில் ஒரு புள்ளிமானைத் தெளிவாக எடுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மடங்கு கன்வர்ட்டர் பொருத்தியதும் துளையால் இரண்டு ஸ்டாப் போகிறது. குவியத் தூரம் இரட்டிப்பாகியிருப்பதால், கை நடுக்கம் தெரியாதிருக்க 1/800 நொடி வேண்டும்; அது மூன்றாவது ஸ்டாப். விளைவாக ஐஎஸ்ஓ 12800-க்குச் சென்றாக வேண்டும். அந்த அளவில் படமெங்கும் படியும் மணல்மணி போன்ற இரைச்சலில் மானின் ரோம இழைகள் கரைந்துவிடுமென்றால், எதற்காகப் பெரிதாக்கினோம் என்ற கேள்வி எழுகிறது. லென்ஸிலுள்ள நடுக்கத் தடுப்பு கையின் அசைவைக் குறைக்கும். மான் தலை திருப்புவதை அது நிறுத்தாது.

ஆட்டோஃபோகஸ் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உள்ளே ஆடி வைத்த கேமராக்களான டிஎஸ்எல்ஆர்களில் பழையவை பல எஃப்/5.6-க்கு அப்பால் ஃபோகஸ் செய்யா. பின்னர் வந்தவற்றில் சில எஃப்/8 வரை செய்தன, அதுவும் பெரும்பாலும் நடுப்புள்ளிகளில் மட்டுமே. ஆடியில்லாத மிரர்லெஸ் கேமராக்கள் இந்த எல்லையை வெகுவாகத் தளர்த்திவிட்டன. ஆனாலும் ஃபோகஸ் செய்ய முடிவதும், ஓடும் செந்நாயை விடாமல் பின்தொடர முடிவதும் ஒன்றல்ல. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும்: ஃபோகஸ் சற்று முன்பின்னாக விழுவதைச் சரிசெய்ய லென்ஸுக்கு மட்டும் கேமராவில் செய்துவைத்த நுண் ஃபோகஸ் திருத்தம், அதே லென்ஸும் கன்வர்ட்டரும் சேர்ந்த இணைக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது.

பொருந்தாத லென்ஸில் கன்வர்ட்டரை அழுத்தி மாட்டுவது பணத்தையே இழக்கவைக்கும் தவறு. பல கன்வர்ட்டர்களின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்புறம் அதற்கான இடம் இல்லையென்றால் இரு கண்ணாடிகளும் மோதும். பொருந்தும் லென்ஸிலும் நிபந்தனைகள் உண்டு: கேனனின் ஆர்எஃப் 100–500 ஜூம் கன்வர்ட்டருடன் 300 முதல் 500 மி.மீ. வரையிலான பகுதியில் மட்டுமே இயங்கும். யானை திடீரென்று ஜீப்பருகே வந்தால், ஜூமைப் பின்னிழுக்க வழியே இருக்காது. கழற்றலாமென்றால், செம்மண் புழுதி பறக்கும் திறந்த ஜீப்பில் சென்சாரைத் திறந்துவைப்பது அடுத்த தவறு. பொருத்துவதா வேண்டாமா என்பதைச் சவாரி தொடங்குமுன்பே முடிவுசெய்துவிடுவது நல்லது.

இவையெல்லாவற்றையும்விடப் பெரிய தவறென்று நான் கருதுவது, தொலைவைக் கண்ணாடியால் வென்றுவிடலாம் என்ற எண்ணம். கோடையில் கபினி நீர்த்தேக்கத்தின் நீர் வற்றும்போது கரையில் முளைக்கும் புல்லுக்காக யானைக் கூட்டங்கள் திரள்வதைக் காணப் பலரும் செல்கிறார்கள். காலை பத்து மணிக்கு அக்கரையிலுள்ள கூட்டத்தை 800 மி.மீ.யில் எடுத்தால், யானைகளின் கால்கள் நீரில் தெரியும் பிம்பம்போல நெளிந்திருக்கும். தரையின் சூட்டில் வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் ஒளியை வெவ்வேறு விதமாக வளைப்பதே இதற்குக் காரணம். எத்தனை விலையுள்ள லென்ஸும் இதைச் சரிசெய்யாது, கன்வர்ட்டரோ கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். ஃபோகஸ் பழுது என்று நினைத்து லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்புபவர்களும் உண்டு. கண்டுகொள்வது எளிது: தொடர்ச்சியாக எடுத்த படங்களில் கூர்மை இன்மை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் குற்றம் காற்றினுடையது. ஓடி நின்ற ஜீப்பின் சூடான பானட்டுக்கு மேலாக எடுத்தாலும் இதே கதிதான். அப்படிப்பட்ட நேரத்தில் கன்வர்ட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, நீர்ப்பரப்பும் மரவரிசையும் சேர யானைகளைச் சிறியனவாகவே எடுப்பது மேல். பல ஆண்டுகள் கறுப்பு-வெள்ளையில் யானைகளைப் படமெடுத்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் காலத்தில் இன்றைய வசதிகள் எதுவும் இல்லை என்பதை, எட்டவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. இரவிகுளத்தின் ராஜமலையில் வரையாடுகள் பார்வையாளர்களின் பாதைக்கு மிக அருகே மேயும். வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் சாலையோரத்திலேயே இருக்கும். அங்கே 600 மி.மீ.யுடன் நிற்பவருக்குக் கொம்பு வெட்டுப்பட்ட ஆடும், வால் இல்லாத மந்தியும்தான் கிடைக்கும். ஐயமிருந்தால் கன்வர்ட்டர் இல்லாமல் எடுத்து, பின்னர் கத்தரிப்பதே பாதுகாப்பானது. 45 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்குக்கு நிகராகக் கத்தரித்தாலும் ஏறத்தாழ 23 மெகாபிக்சல் மிஞ்சும். பெரிய அச்சுக்கும் அது போதும். 24 மெகாபிக்சல் கேமராவில் மிஞ்சுவது 12 மட்டுமே என்பதால், நல்ல லென்ஸும் போதிய ஒளியும் இருக்கையில் அங்கே கன்வர்ட்டருக்கு நியாயம் கூடுகிறது.

தாங்கியைப் பொறுத்தவரை, ஜீப்பில் டிரைபாடை விரிக்க இடமிருக்காது. அரிசியோ பயறோ நிரப்பிய பீன் பேக்கைக் கம்பியின் மேல் வைத்து லென்ஸை அதில் அமர்த்தினால் போதும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இதுவும் பயன்படாது. அணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். துளையை முழுதும் திறந்துவைக்காமல் ஒரு ஸ்டாப் சுருக்கினால் பெரும்பாலான இணைகளில் கூர்மை கண்கூடாக உயரும், ஒளி அனுமதித்தால்.

ஓட்டுநரை இன்னும் நெருங்கச் சொல்லி வற்புறுத்துவதும் இதே பட்டியலில் சேரும். விலங்கை அதன் போக்கில் விட்டு விலகி நிற்பதற்காகவே நீண்ட லென்ஸ் இருக்கிறது. காதை விரித்து நிமிர்ந்து பார்க்கும் யானையும், மேய்ச்சலை நிறுத்திவிட்ட மானும் நாம் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டதைக் காட்டுகின்றன.

கன்வர்ட்டர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்றைப் பலரும் பயன்படுத்துவதில்லை. அதைப் பொருத்தினாலும் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தொலைவு மாறுவதில்லை. எனவே அதே தொலைவிலிருந்து உருவம் 1.4 அல்லது 2 மடங்கு பெரிதாகப் பதிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தண்டில் ஒட்டியிருக்கும் பறக்கும் ஓணானையோ, ஓடையோர ஈரமண்ணில் அமர்ந்திருக்கும் பட்டாம்பூச்சியையோ விரட்டிவிடாமல், நல்ல பகல் வெளிச்சத்தில், கானலுக்கு இடமில்லாத இரண்டு மூன்று மீட்டர் தொலைவிலிருந்து எடுக்க 300 மி.மீ. லென்ஸுடன் ஒரு 1.4 மடங்கு கன்வர்ட்டர் மிகப் பொருத்தமானது.