அடைமழைக்கும் மார்கழிக் குளிருக்கும்: கொள்ளு ரசம், ஆட்டுக்கால் சூப், அடை, பச்சை மொச்சை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை வீட்டில் எல்லோருக்கும் சூடாக, காரமாக ஏதாவது வேண்டும். அதற்கு ஏற்ற சாமான்களும் அப்போதுதான் சந்தைக்கு வரும். இங்கே சொல்லியிருப்பவற்றில் ஒரு சாமான் கூடக்குறைய இருந்தால் சமாளித்துவிடலாம். அடுப்பை எப்போது அணைப்பது என்பதில் தப்பினால் சமாளிக்க முடியாது. ரசம் அரை நிமிடத்தில் கெடும். ஆட்டுக்காலோ அரை மணி நேரம் முந்தி இறக்கினால் கெடும்.

அளவுகள் நாலு பேருக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி, ஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிக்கும் டீஸ்பூன்.

கொள்ளு ரசம்

கால் டம்ளர் கொள்ளு போதும். கொள்ளின் நிறத்திலேயே பொடிக்கல் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் வெறுமனே கழுவாமல், தண்ணீர் விட்டு அரித்து எடுங்கள். 8 மணி நேரம் ஊறட்டும். ஊறப்போட மறந்துவிட்டால் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து நேரே குக்கரில் போடலாம். வேக இன்னும் 10 நிமிடம் கூடப் பிடிக்கும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக 4 டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி 20 நிமிடம். ஒரு கொள்ளை இரண்டு விரலால் நசுக்கினால் தோலோடு மசியவேண்டும், நடுவில் வெள்ளையாகக் கடினம் இருக்கக் கூடாது. வடித்தால் பழுப்பு நிறத்தில் 3 டம்ளருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ தண்ணீர் கிடைக்கும். ரசத்துக்கு இதுதான் வேண்டும். வெந்த கொள்ளில் ஒரு கரண்டி மட்டும் மசித்து அந்தத் தண்ணீரிலேயே கலக்கிவிட்டால் ரசம் நீர்த்துப்போகாது. மீதிக் கொள்ளைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகம், பூண்டு வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொங்கு நாட்டு வீடுகளில் செய்யும் கடைசல். ஒரே குக்கரில் ரசமும் ஆச்சு, சோற்றுக்குப் பிசைய பருப்பும் ஆச்சு.

தட்டிப்போட: மிளகு ஒன்றரை ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன், தோலோடு பூண்டு 6 பல், கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு. முதலில் மிளகும் சீரகமும். அவை பாதி உடைந்த பிறகு பூண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பூண்டின் ஈரத்தில் மிளகு வழுக்கிக்கொண்டு முழுசாகவே நிற்கும். மிக்ஸியில் செய்வதானால் விட்டுவிட்டு இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். நைசாக அரைத்த சீரகம்தான் பல வீடுகளில் ரசம் கசப்பதற்குக் காரணம்.

நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, பெரிய தக்காளி ஒன்றைக் கையாலேயே பிசைந்து விடுங்கள். உப்பு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு மிதமான தீயில் 8 நிமிடம் கொதிக்கட்டும். கொதிக்கவேண்டியது இந்த இடத்தில்தான். புளியின் பச்சை வாடை இங்கே போகாவிட்டால் பிறகு போகாது. மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறும், கிடைப்பதும் நீர்த்தே இருக்கும். அப்போது தக்காளியை விட்டுவிட்டுப் புளியை மட்டும் ஒரு பங்கு கூட்டினால் கொள்ளு ரசத்துக்குக் குறையொன்றும் வராது.

இனி தட்டியதைப் போட்டு ஒரு நிமிடம். பிறகு கொள்ளுத் தண்ணீர், கால் ஸ்பூன் பெருங்காயத்தூள். இதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக நுரை வளையம் கட்டும். அது மெல்ல உள்நோக்கி வந்து நடுவில் மூடும். மூடி, மொத்தமாக மேலே எழும்பப் பார்க்கும் அந்த நொடியில் அணைத்துவிடுங்கள். குமிழி வெடித்து 'தளதள'வென்று கொதித்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மிளகின் காரம் கொதித்தாலும் போகாது. மணம் மட்டும் ஆவியோடு போய்விடும். தெருமுனை வரை மணக்கிற ரசத்தில் டம்ளருக்கு வரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது.

நெய்யிலோ நல்லெண்ணெயிலோ கடுகு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மல்லித்தழை தூவி, 10 நிமிடம் மூடிவையுங்கள்.

புளித்துவிட்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், உப்பும் காரமும் சேர்ந்து செத்துப்போகும். சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுங்கள். கசந்தால் திருத்த வழியில்லை, சோற்றில் ஊற்றி நெய் விட்டுச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

சளி பிடித்த வீட்டில் இதே ரசத்தில் தூதுவளை சேர்ப்பார்கள். 15, 20 இலை போதும். இலையின் அடிப்பக்க நரம்பில் முள் இருக்கும். கத்தரிக்கோலால் நடு நரம்பை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் நெய்யில் சுருள வதக்கி அரைத்து, மிளகு போடும்போதே சேர்க்கவேண்டும். வதக்காமல் அரைத்தால் மிச்சமிருக்கும் சின்ன முள் தொண்டையில் உறுத்தும், கசப்பும் தூக்கலாக நிற்கும்.

ஆட்டுக்கால் சூப்

கறிக்கடையில் 'கால் ஒரு செட்' என்றால் நாலு கால். நன்றாகச் சுட்டு, மயிர் போக்கி, துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். குளம்பை எடுத்துவிட்டார்களா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் எவ்வளவு சுட்டாலும் குளம்புக்கு மேலே மடிப்பில் கொஞ்சம் மயிர் நிற்கும். வீட்டில் அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்து இன்னொரு முறை காட்டி, கத்தியால் கரியைச் சுரண்டவேண்டும். பிறகு மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவுங்கள். கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டு, மேலே திரளும் அழுக்கு நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடும் என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. 5 நிமிடத்தில் போவது கவிச்சி வாடைதான். எலும்புக்குள்ளும் தோலிலும் இருப்பது அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது.

குக்கரில் 7 டம்ளர் தண்ணீர், நசுக்கிய சின்ன வெங்காயம் 12, பூண்டு 8 பல், ஒரு அங்குல இஞ்சி, சின்னத் துண்டு பட்டை, மஞ்சள்தூள். மிளகு 2 ஸ்பூன், மல்லி 2 ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன் ஒன்றிரண்டாகப் பொடித்து, பாதியை இப்போது போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம், கடைசியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரியாது. 5 லிட்டர் குக்கர் இதற்குச் சரியாக இருக்கும். முதல் விசிலுக்குப் பிறகு மிகச் சிறு தீயில் 45 நிமிடம். சாதாரணப் பாத்திரத்தில் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, தண்ணீரும் இன்னும் 3 டம்ளர் வேண்டும்.

பெரிய தீயில் 15 விசில் விட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்து சூப் வெளுத்துக் கலங்கிவிடும், நாக்கில் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினாலும் உள்ளே குபுகுபுவென்று கொதித்து இதேதான் நடக்கும். தானாக அடங்கட்டும்.

வெந்ததா என்று பார்க்க, மூட்டை விரலால் இழுங்கள். தோலும் நரம்பும் எலும்பை விட்டு எதிர்ப்பில்லாமல் கழலவேண்டும். ஒரு மடக்கு குடித்துவிட்டு உதட்டைச் சேர்த்தால் லேசாக ஒட்டவேண்டும். தோல், நரம்பு, மூட்டில் உள்ள கொலாஜன் நெடுநேரச் சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஒட்டாவிட்டால் இன்னும் 15 நிமிடம் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சம் மறுநாள் நுங்கு போல உறைந்திருந்தால் கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிட வேண்டாம். சூப் நன்றாக வந்திருக்கிறது. மேலே படிந்த கொழுப்பை மட்டும் கரண்டியால் வழித்துவிட்டுச் சூடாக்குங்கள்.

மூடி திறந்த பிறகு உப்பு, மீதிப் பொடி, கறிவேப்பிலை, மல்லித்தழை போட்டு இரண்டு நிமிடம் சூடேற்றி இறக்குங்கள். முதலில் போட்ட மிளகு காரத்தைத் தந்தது, இப்போது போடுவது மணத்துக்கு. தக்காளி போடுவது அவரவர் விருப்பம். போடாமல் குடிக்கும்போது எலுமிச்சை பிழிந்துகொள்வது மேல்.

சைவக்காரர்கள் இதற்கு முடவாட்டுக்கால் கிழங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் கூறு கட்டி விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் கிழங்கு, மேலெல்லாம் பழுப்பு ரோமம் மூடியிருக்கும். 100 கிராம் எடுத்து, ரோமத்தோடு தோலையும் பச்சை தெரியும்வரை சீவி, நறுக்கி, மேலே சொன்ன அதே வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகத்தோடு ஒன்றிரண்டாக அரைத்து, 5 டம்ளர் தண்ணீரில் 6 விசில் விட்டு வடிகட்டவேண்டும். ரோமம் மிஞ்சினால் தொண்டை கரகரக்கும். மூட்டு வலி போகும் என்று சொல்லித்தான் விற்பார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாமல், ருசிக்காகக் குடியுங்கள்.

மாவு பொங்காத நாளுக்கு அடை

கோடையில் 8 மணி நேரத்தில் பொங்கும் இட்லி மாவு மார்கழியில் 12, 14 மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். அடைக்குப் புளிப்பே தேவையில்லை. இட்லி அரிசி 1 டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து 2 மேசைக்கரண்டி. அரிசியும் வரமிளகாய் 6-ம் ஒரு பாத்திரத்தில், பருப்பெல்லாம் ஒரு பாத்திரத்தில், 3 மணி நேரம் ஊறட்டும். அரிசியை இஞ்சி, பெருங்காயம், 1 ஸ்பூன் மிளகோடு முதலில் அரைத்து, பாதி அரைபட்டதும் பருப்பைப் போட்டு ரவைப் பதத்தில் எடுங்கள். உப்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், தேங்காய்ப் பல் சேர்க்கவேண்டும்.

கரண்டியில் எடுத்தால் தானாக வழியாமல், தட்டினால் பொத்தென்று விழவேண்டும். அதைவிடத் தண்ணீர் கூடினால் திருப்பும்போது பிய்ந்துபோகும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றி, உடனே தீயைக் குறைத்து, நடுவில் விரல் நுழையும் அளவு ஓட்டை போட்டு, அதிலும் சுற்றியும் நல்லெண்ணெய் விடுங்கள். ஒரு பக்கத்துக்கு 3 நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். ஆறினால் பலகையாகிறது என்றால் உளுந்து குறைவு. கூட வெல்லமும் வெண்ணெயும் வைப்பதே போதும். அவியல் இருந்தால் விருந்து.

பச்சைக் காய்களின் பருவம்

குளிரில் வெள்ளரிக்காய் சாலட்டை யாரும் தேடமாட்டார்கள். கோசுமல்லி செய்வதானால் வெள்ளரியை விட்டுவிட்டுக் கேரட், மாதுளை முத்து போடுங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பை 40 நிமிடம் ஊறவைத்து ஒட்ட வடித்து, துருவிய கேரட் இரண்டு, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி சேர்த்து, கடுகும் பச்சைமிளகாயும் சூடாகத் தாளித்துக் கொட்டுங்கள். உப்பு பரிமாறும்போது. முன்னாலேயே போட்டால் கேரட் நீர் விட்டு அடியில் தேங்கும்.

மார்கழி, தையில் பச்சை மொச்சை வந்துவிட்டால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். உரித்த மொச்சை 2 டம்ளர். சுண்டலுக்குக் குக்கர் ஆகாது, குழைந்துவிடும். உப்புப் போட்ட கொதிநீரில் மூடாமல் 12 முதல் 15 நிமிடம் வேகவைத்து, வடித்து, கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவினால் முடிந்தது. வேலூர், ஆரணிப் பக்கம் இதையே இரவு முழுக்க ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கிப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார்கள். பிதுக்குவது நாலு கை சேர்ந்து செய்யவேண்டிய வேலை. தோல் இல்லாததால் 8 நிமிடத்தில் வெந்துவிடும், அதனால் மசாலாவும் புளியும் கொதித்து முடிந்த பிறகே பருப்பைப் போடவேண்டும்.

நெல்லைப் பக்கத்துச் சிறுகிழங்குக்குத் தோல் எடுப்பதுதான் பெரும்பாடு. தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டித் தரையில் உருட்டித் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போய்விடும். மிச்சத்தைக் கத்தியால் சீவும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரல் கறுத்து இரண்டு நாளைக்குப் போகாது. வெந்த கிழங்கைச் சின்ன வெங்காயம், தேங்காய், சீரகம் போட்டுப் பிரட்டி, மேலே சொன்ன ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

மிச்சம் வைப்பது பற்றி: ரசத்தை மொத்தமாக மறுபடி கொதிக்கவைக்காமல், குடிக்கிற அளவை மட்டும் ஆவி வரும்வரை சூடாக்குங்கள். ஆட்டுக்கால் சூப் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதை மட்டும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்கவிட்டே குடிக்கவேண்டும். அடை மாவும் ஒரு நாள் இருக்கும், கீரையையும் வெங்காயத்தையும் சுடும்போது கலந்தால். தேங்காய் போட்ட கோசுமல்லி, சுண்டல் இரண்டையும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.