கேட்பவர் கையில் புத்தகம் இல்லை: பழங்கவிதைகளை ஒலிப்பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் பதிவு புறநானூற்றின் 192-ஆம் பாட்டு. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' யாருக்குத்தான் தெரியாது? புத்தகத்தைத் திறக்காமலே தொடங்கிவிட்டேன். பதிவைக் கேட்ட நண்பரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "பூங்குன்றனார் எல்லாரும் உறவினர் என்கிறார். நீங்கள் எல்லாரையும் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறீர்கள்." கேளிர் என்பதை நான் 'கேளீர்' என்று இழுத்திருக்கிறேன். கூடியது ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் பொருள் எங்கோ போய்விட்டது.

அச்சில் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் வராது, எழுத்து கண்ணெதிரே இருக்கிறது. ஒலியில் கேட்பவர் கையில் புத்தகம் இல்லை. அவருக்கு நம் வாயிலிருந்து வருவதுதான் மூலபாடம். பழைய கவிதைகளை வாசித்துப் பொதுப் பயன்பாட்டுக்கு இலவசமாக ஏற்றும் தன்னார்வலர்களிடம் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, இதை மறந்துவிடுவதால் வருபவை. என் தவறுகளும் அதில் அடக்கம்.

அதிகம் பிழை வருவது தெரியாத பாட்டில் அல்ல, நன்றாகத் தெரிந்த பாட்டில்தான். தெரியாததைப் பத்து முறை பார்த்துவிட்டு வாசிப்போம். தெரிந்ததை நாக்கு தானாகவே ஓட்டிக்கொண்டு போய்விடும். 'கற்க கசடறக் கற்பவை' என்பதில் முதல் சொல்லுக்குப் பின் ஒற்று கிடையாது. கற்க என்பது வியங்கோள். ஆனால் 'கற்கக் கசடற' என்று வாசித்த பதிவுகள் எத்தனையோ கேட்டாயிற்று. அடுத்த இடத்தில் வர வேண்டிய க் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெரிந்த பாட்டானாலும் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்து வாசியுங்கள்.

சீரா, சொல்லா?

தமிழ்ச் செய்யுளுக்கென்றே உள்ள சிக்கல் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பழைய பதிப்புகளில் பாட்டு சொல் சொல்லாக அல்ல, சீர் சீராகப் பிரித்து அச்சாகியிருக்கும். குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

கண் போன போக்கில் வாசித்தால் 'யாரா' என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, 'கியரோ' என்று வரும். கியரோ என்று ஒரு சொல்லே கிடையாது. அது 'யார் ஆகியரோ'. கடைசி அடி இன்னும் மோசமான பொறி. அது 'தாம் கலந்தனவே'. ஒருவர் 'தாங்க' என்று நிறுத்திவிட்டு 'லந்தனவே' என்று தொடர்ந்ததைக் கேட்டிருக்கிறேன். காதலன் எதையோ கொடுங்கள் என்று பணிவாகக் கேட்பது போல இருந்தது.

சரி, பதம் பிரித்த பதிப்பை வைத்துக்கொண்டால் தீர்ந்ததா என்றால், அங்கே எதிர்த் தவறு காத்திருக்கிறது. 'செம் புலம், பெயல், நீர்' என்று ஒவ்வொரு சொல்லாக வெட்டி வைத்தால் பொருள் புரியும், பாட்டு போய்விடும். பெயலும் நீரும் சேர்ந்து பெயனீர் ஆனதில்தானே அந்தக் கலப்பே காதில் விழுகிறது! நான் செய்வது இது: பென்சிலால் சொல் எல்லைகளைக் குறித்துக்கொள்வேன், எங்கே நிறுத்தக் கூடாது என்று மனத்துக்குத் தெரிய மட்டும்தான் அந்தக் குறி. வாய் சேர்த்தே சொல்லும். சேர்த்துச் சொல்கிறவர் பொருள் தெரிந்து சொல்கிறாரா, ஒப்பிக்கிறாரா என்பது கேட்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அடி முடிவில் மூச்சு விடுவதும் அப்படித்தான். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று முதலடி முடிகிறது. அங்கே நன்றாக நிறுத்திவிட்டு 'பகவன் முதற்றே உலகு' என்று தொடர்ந்தால், ஆதி ஒருவர், பகவன் இன்னொருவர் என்று கேட்கும். அடி முடிவதை உணர்த்தத்தான் வேண்டும், ஆனால் நிறுத்தித்தான் உணர்த்த வேண்டும் என்பதில்லை. 'ஆதி'யின் இகரத்தில் குரலைத் தாழவிடாமல் தாங்கிப் பிடித்து அடுத்த அடியில் இறக்கினால் போதும்.

அதே குறளின் கடைசிச் சொல் 'உலகு'. அதிலுள்ள உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். முடிக்கிறோம் என்ற ஆர்வத்தில் பலர் அதை 'உலகூ' என்று நீட்டிவிடுகிறார்கள். அளபெடையில் நேர்மாறு. 'கெடுப்பதூஉம்' என்பதில் 'தூ' தனி, 'உம்' தனி என்று விக்கல் வந்தது போல வாசிப்பார்கள். அந்த 'உ' தனியாக ஒலிக்க வந்ததல்ல. 'தூ' மூன்று மாத்திரை நீள வேண்டும் என்பதற்கான அடையாளம். ஆய்தத்தையும் விட்டுவிடாதீர்கள். 'அஃதும்' பாதிப் பதிவுகளில் 'அக்தும்' ஆகிவிடுகிறது.

இரண்டு கெட்ட பழக்கங்கள்

ஒன்று, பள்ளிக்கூட மனப்பாடச் செய்யுள் ராகம். நட்சத்திரக் குறி போட்ட பாட்டுகளை வகுப்பே சேர்ந்து ஒப்பித்த அந்த ஏற்ற இறக்கம் நம் எல்லார் உடம்பிலும் ஊறியிருக்கிறது. எந்தப் பாட்டு கிடைத்தாலும் அதே ஊஞ்சலில் ஏற்றிவிடுவோம். இன்னொன்று மேடைக் குரல். இறந்தவருக்காக இரங்கும் கையறுநிலைப் பாட்டைக்கூடத் தேர்தல் கூட்டத்தில் முழங்குவது போல வாசிப்பவர்கள் உண்டு. மேடையில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒலிபெருக்கி இருக்கும். இங்கே காதில் மாட்டிய கருவியில் ஒருவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர் காதுக்குள் கத்தாதீர்கள்.

எப்படி வாசிப்பது என்று குழம்பினால் யாப்பே கொஞ்சம் சொல்லித்தருகிறது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று இலக்கணம் வகுத்திருப்பது தேர்வில் எழுத மட்டுமல்ல. செப்பல் என்றால் ஒருவர் மற்றவரிடம் எடுத்துச் சொல்வது. குறளை அப்படிச் சொல்லிப் பாருங்கள், பாதி நாடகத்தன்மை தானாக உதிர்ந்துவிடும்.

வட்டார வாடை பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தாரோ நெல்லைக்காரரோ வானொலிக் குரலை வரவழைத்துக்கொண்டு வாசிக்கத் தேவையே இல்லை. ல, ள, ழ சரியாக இருந்தால் போதும். தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்களை இலவசமாக வெளியிடும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒரே கவிதையை வாரம்தோறும் பல பேர் வாசித்து, எல்லாக் குரல்களையும் ஒரே தொகுப்பாக வெளியிடும் வழக்கம் உண்டு. அதனால் 'ஏற்கெனவே ஒருவர் வாசித்துவிட்டாரே' என்று ஒதுங்குவதும் என் கணக்கில் ஒரு தவறுதான்.

எந்தப் பாடம்?

தேடினால் முதலில் வரும் பக்கத்திலிருந்து பாட்டை வெட்டி எடுத்து வாசிப்பது அடுத்த தவறு. தட்டச்சுப் பிழை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு அப்படியே குடிபெயரும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் நல்ல தொடக்கம். அதில்கூட எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து உள்ளிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள், முடிந்தால் அந்தப் பதிப்பின் வருடலோடு (ஸ்கேன் படியோடு) ஒப்பிடுங்கள். பாடபேதம் உள்ள இடங்களில் எதை எடுத்தோம் என்பதைப் பதிவின் குறிப்பில் எழுதிவைத்தால், பின்னால் 'தவறாக வாசித்துவிட்டார்' என்ற சண்டை வராது.

புறநானூற்றில் இன்னொரு சங்கதி. 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோதே 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்துபோய், அச்சில் வெறும் புள்ளிகளாக நிற்கின்றன. பலர் புள்ளியைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். படிப்பவர் புள்ளியைப் பார்ப்பார். கேட்பவருக்கு, பொருந்தாத இரண்டு துண்டுகள் ஒட்டவைத்தது போல வந்து விழும். 'இங்கே சில சொற்கள் சிதைந்துள்ளன' என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

அதற்காக முன்னுரையை நீட்டவும் கூடாது. 192-ஆம் பாட்டு மொத்தமே 13 அடி. அதற்கு முன் திணை, துறை, புலவர் வரலாறு, உங்கள் வணக்கம், உங்களுக்கு இந்தப் பாட்டு எப்படி அறிமுகமானது என்று இரண்டு நிமிடம் போனால் கேட்பவர் கிளம்பிவிடுவார். நூல், எண், பாடியவர், வாசிப்பவர். பத்து வினாடியில் முடித்துவிடலாம்.

'பழசுதானே' என்ற நினைப்பு

பாட்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழசாக இருக்கலாம். நீங்கள் அதோடு சேர்த்து வாசிக்கும் உரை நேற்று எழுதியதாக இருக்கும். உரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனித்தனியே பதிப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இறந்த பிறகு முதன்முறையாக வெளிவந்த படைப்பானால் வெளிவந்த ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டும். பாரதியின் படைப்புகளைப் பற்றிக் கவலை இல்லை. 1949-இல் அன்றைய சென்னை அரசே உரிமையை வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஆனால் எல்லாக் கவிஞருக்கும் அப்படி நடக்கவில்லை.

பாரதியிலேயே ஒரு பொறி இருக்கிறது. சொற்கள் பொது, மெட்டு பொது அல்ல. அவருடைய பாட்டுகள் பலவற்றை நாம் திரைப்பட மெட்டில்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். வாசித்துக்கொண்டே போகும்போது நம்மை அறியாமல் அந்த மெட்டுக்கு நழுவி இரண்டு அடி பாடிவிடுவோம். அந்த இசையமைப்பு வேறொருவருக்குச் சொந்தம். பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ ஓடவிடுவதிலும் இதே சிக்கல். உரிமைச் சிக்கல் இல்லாத இசையானாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. செய்யுளுக்கு அதன் ஓசையே போதும்.

எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டப்படி உரிமை தீர்ந்த நூல்களையே எடுத்துக்கொள்கிறது. அங்கே பழைய வெளியீடுகளுக்குப் பொதுவாக, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கு. இந்தியாவில் தடையில்லாத ஒன்று அங்கே தடைபடலாம்.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒன்று: உங்கள் குரலுக்கும் உரிமை உண்டு. நீங்கள் வாசித்தால், நிகழ்த்துநர் என்ற முறையில் இந்தியச் சட்டம் உங்களுக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஒலிப்பதிவுக்கும் தனியே 60 ஆண்டு. 'இலவசம்' என்று எழுதிவைத்தால் கேட்க இலவசம் என்றுதான் பொருள். ஓர் ஆசிரியர் அதைப் பாடத்தில் சேர்க்கலாமா, இன்னொருவர் வெட்டி ஒட்டலாமா என்பதற்குப் பதில் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) என்ற பொது உரிமங்களில், எல்லா உரிமையையும் விட்டுத்தருவதானால் 'சிசி ஜீரோ' என்றோ, பெயர் மட்டும் குறிப்பிட்டால் போதும் என்றால் 'சிசி பை' என்றோ தெளிவாக எழுதுங்கள்.

இயந்திரப் பக்கம்

இதைப் பற்றி ஏகப்பட்ட அறிவுரைகள் கிடைக்கின்றன, அதனால் சுருக்கமாக. மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ப, ப்ப வரும் இடங்களில் காற்று 'தப்' என்று அடிக்காது. 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 128 கேபிபிஎஸ் எம்பி3 என்பது லிப்ரிவாக்ஸ் கேட்கும் அளவு. பேச்சுக்கு இது தாராளம். ஆனால் திருத்தும்போது எம்பி3-யாகவே திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். வேவ் கோப்பை வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே முறை மாற்றுங்கள்.

கவிதைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களில் மௌனங்களைத் தானாகவே வெட்டிச் சுருக்கும் வசதி உண்டு. உரைநடைக்கு அது உதவும். கவிதையில் நீங்கள் யோசித்து விட்ட இடைவெளிகளை எல்லாம் அது சமமாக நறுக்கித் தள்ளிவிடும். இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறிப் போட்டாலும் சொல் முடிவுகள் கரைந்துபோகும். முதல் பலி குற்றியலுகரம்தான்.

வேலையின் அளவையும் முதலிலேயே கணக்குப் போடுங்கள். குறளுக்கு 10 வினாடி என்று வைத்தாலும் 1330 குறளுக்கும் சேர்த்து 3 மணி 41 நிமிடம் வரும். இது கேட்கும் நேரம் மட்டும். பதிந்து, திருத்தி, மீண்டும் கேட்க அதைப் போலப் பல மடங்கு ஆகும். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுள்ள கம்பராமாயணத்தை உற்சாகமாகத் தொடங்கி, நாட்டுப் படலத்திலேயே நின்றுபோனவர்களை நானறிவேன். ஓர் அதிகாரம், பத்துக் குறள் என்று தொடங்கி முடியுங்கள். முடித்ததை வேறொருவரிடம் கொடுத்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நம் பிழை நம் காதுக்குக் கேட்காது. என் கேளீரை நான் நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருந்தேன்.

கடைசியாக, கடைசி வினாடி. 'தாங்கலந் தனவே' என்று முடித்த கையோடு நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். ஏகாரம் அடங்குவதற்குள் பதிவு வெட்டுப்பட்டு, அடுத்த பாட்டின் எண் வந்து மோதும். லிப்ரிவாக்ஸ் முடிவில் ஐந்து வினாடி மௌனம் கேட்கிறது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள்.