சாம்பலைக் கொண்டு நச்சு உலோகம் நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனல்மின் நிலையத்து உலர் சாம்பல், இரும்பாலைக் கசடு, அலுமினியத் தயாரிப்பில் மிஞ்சும் சிவப்புச் சேறு ஆகியவற்றைக் கொண்டு கழிவுநீரிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவற்றைப் பிரிக்கலாம். நல்ல வழிதான். ஆனால் உலோகம் எங்கே போனது என்று பார்க்காமலே பலர் முடிவு எழுதிவிடுகிறார்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஈயக் கரைசலில் கொஞ்சம் போட்டுக் கலக்கினால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) மளமளவென்று ஏறி, ஈயம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அதைச் சாம்பல் கவர்ந்துகொண்டதாகக் கணக்கில் எழுதுவது தவறு. பின்னால் அமில நீர் பட்டால் அந்தப் படிவு மறுபடி கரையும். சரிபார்ப்பது சுலபம்: இன்னொரு பீக்கரில் சாம்பல் போடாமல், சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதே பி.எச்.சுக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளையாகக் கலங்கும். வடிகட்டி அளந்தால் சாம்பலின் உண்மையான பங்கு தெரிந்துவிடும்.

குரோமியத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது +3, +6 என்று இரண்டு வேதி நிலைகளில் வரும். தோல் பதனிடப் பயன்படுவது +3 நிலை, பி.எச். 8, 9 வாக்கில் படிந்துவிடும். குரோம் முலாம் பட்டறையிலிருந்து வரும் +6 நிலை சுண்ணாம்புக்கு மசியாது. முதலில் அமில நிலையில் ஃபெரஸ் சல்பேட் சேர்த்து +3 ஆக்க வேண்டும்.

அப்புறம், '99 சதவீதம் நீக்கம்' என்ற பெருமை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயத்தில் 99 சதவீதம் போனாலும் 1 மில்லிகிராம் மிச்சம். குடிநீருக்கான இந்தியத் தர வரம்போ 0.01 மில்லிகிராம்; மிச்சம் இருப்பது அதைப்போல நூறு மடங்கு! அதுவும் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) ஒரே உலோகத்தைக் கரைத்துச் செய்த சோதனை. உப்பும் கால்சியமும் நிறைந்த நிஜக் கழிவுநீரில் இந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

சாம்பலிலேயே ஆர்சனிக், செலினியம் இருக்கும். வெறும் வாலைவடிநீரில் ஒரு நாள் கலக்கி, என்ன இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். வீட்டுக் குடிநீருக்கு இதைத் தயவுசெய்து முயலாதீர்கள்.

வேலை முடிந்த சாம்பலைப் பட்டறைக்குப் பின்னால் கொட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் விட்டுப்போன கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததை நாம் பார்த்திருக்கிறோம். உலோகம் ஏறிய சாம்பலிலிருந்து உலோகம் மறுபடி நீரில் இறங்குகிறதா என்று கசிவுச் சோதனை செய்யுங்கள். தேறாவிட்டால் அபாயகரக் கழிவுகளுக்கென்று அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்புங்கள். அந்தச் செலவையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.