காண்டாமிருகம் படம் எடுக்கப் போறீங்களா? பழைய சாரம் ஒன்றைக் கிழியுங்கோ

யால, வில்பத்து என்று எவ்வளவு அலைந்தாலும் இலங்கைக் காட்டில் காண்டாமிருகம் கிடையாது. பலாலியில் ஏறிச் சென்னை, அங்கிருந்து குவாஹாத்தி, பிறகு ரோட்டால் காசிரங்கா, காண்டாமிருகங்கள் வாழும் அசாம் தேசியப் பூங்கா. மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பெருகுவதால் பூங்காவை மூடிவிடுவார்கள். பெப்ரவரி, மார்ச் நல்லது, உயரப் புல்லை எரித்துவிட்டிருப்பார்கள், ஒற்றைக் கொம்பர் வெளியாய்த் தெரிவார்.

சரி, விஷயத்துக்கு வாறேன். ஜீப்பில் ட்ரைபொட் (கமராவைத் தாங்கும் முக்காலி) விரிக்க இடமே இல்லை. பழைய சாரத் துணியில் தலையணை உறை அளவில் ஒரு பை தைத்து, வெறுமையாய் மடித்துக் கொண்டுபோய், அங்கே இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜீப் கம்பியில் போட்டு அதன்மேல் லென்ஸை அமத்தி வைத்தால் அசையாது. (நான் முதல்முறை இங்கிருந்தே பயறு நிரப்பிக் கொண்டுபோய், விமானத்தில் நிறைக்குக் காசு கட்டினேன்!) சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கோ, அந்த அதிர்வுதான் பாதிப் படத்தைக் கெடுக்கிறது.

விடியப்புறப் பனியில் கமராவைத் தன்பாட்டில் விட்டால் மிருகம் வெறும் கருங்கல்லாய்த்தான் விழும். எக்ஸ்போஷரை (படத்துக்கு விடும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காய், ஏற்றினால் தோல் மடிப்பும், முதுகில் குந்தியிருக்கும் மைனாவும் தெளிவாய் வரும்.